இடக்கையர் தினச் சாப்பாடு

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி இடக்கையர் தினம் என்பது எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். நாளிதழின் மூலையில் வந்த நாலு வரிச் செய்தியிலிருந்து என் கணவர் அதைக் கண்டுபிடித்தார். வெட்டியெடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். தன் ஆட்களுக்கென்று உலகத்தில் ஒரு நாள் இருக்கிறது என்பது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பூட்டு, இரும்புச் சாமான் கடையில் கல்லாவில் இருந்தார். பிறவியிலேயே இடது கைக்காரர். மறதியாக மீதிச் சில்லறையை இடது கையால் நீட்டினால், "சோத்தாங்கையில குடுப்பா, காலங்காத்தால" என்று சிலர் வாங்காமல் நிற்பார்கள். வீட்டில் கண்டிப்பு இன்னும் அதிகம். சிறு வயதில் அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் என் மாமியார் அந்தக் கையை ஒரு துண்டுத் துணியால் முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுவாராம். வளர்ந்த பிறகும் எழுதுவது, ஆணி அடிப்பது, பூட்டுத் திறப்பது எல்லாம் இடது கை. சோறும் காசும் மட்டும் வலது கை.

அந்த ஒரு நாள் மட்டும் எல்லாம் மாறும். கடையில் எல்லோருக்கும் இடது கையால் சில்லறை கொடுத்து, "இன்னிக்கு எங்க நாளு, கோவிச்சுக்கக் கூடாது" என்பார். பேகம்பூரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு பாய், "இன்னிக்கு ஒரு நாள் வாங்கிக்கிறேன் தம்பி. நாளைக்கும் இதே கைய நீட்டுனீங்க, நான் கடைய மாத்திருவேன்" என்பாராம். மதியம் வீட்டில் அவரும் நானும் இடது கையால் சாப்பிடுவோம். எனக்கு ரசம் முழங்கை வரை வழியும். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அத்தை அன்று வீட்டில் இருந்ததே இல்லை. காலையிலேயே டவுன் பஸ் ஏறி, அகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். "பீச்சாங்கையில சோத்தப் பெசையிறதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்.

"அம்மா, ஹேப்பி பீச்சாங்கை டே!" என்று இவர் வாசலிலிருந்து கத்துவார்.

"செருப்புப் பிய்யும்டா" என்பார் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.

போன மாசியில் என் கணவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். கடையிலிருந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகும்போது உயிர் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அத்தையும் மட்டும் மிஞ்சினோம்.

நான் எதையும் அதனதன் இடத்தில் வைக்கிறவள். கரண்டியின் பிடி வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், காபிக் கப்பின் காது வலப்பக்கம் பார்க்க வேண்டும். அவர் இருந்தவரை இவை இரண்டும் தினமும் இடப்பக்கம் திரும்பிக் கிடக்கும். நான் தினமும் திருப்பி வைப்பேன். கருமாதி முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு மாலையில் குழம்புச் சட்டியைத் திறந்தேன். கரண்டிப் பிடி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தற்செயல் என்று திருப்பி வைத்தேன். மறுநாள் கப்.

பிறகு தினசரி காலண்டர். நான் தாளைக் கிழித்தால் மேலே இடது மூலையில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் கிழித்தால் வலது மூலையில் நிற்கும். இப்போது காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் தாள் கிழிபட்டிருந்தது. துணுக்கு வலது மூலையில் இருந்தது. எனக்குப் பேய், பிசாசு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தத் துணுக்கைப் பிய்த்துப்போட எனக்குக் கை வரவில்லை.

அதே நாட்களில் அத்தை சோறு சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். டீயும் பன்னும் போதும் என்பார். ஜாக்கெட் தோளிலிருந்து நழுவும் அளவுக்கு இளைத்துவிட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். நோய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே போனால் தாங்க மாட்டார், எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவை நான் சீக்கிரமே திறந்துவிட்டேன். அத்தை காலண்டர் முன்னால் நின்றிருந்தார். முகம் சாமி படத்தின் பக்கம் திரும்பியிருந்தது. இடது கை மட்டும் உயர்ந்து, தாளின் ஓரத்தைப் பிடித்து, ஒரே இழுப்பில் கிழித்தது.

"அத்த" என்றேன்.

கை சட்டென்று முந்தானைக்குள் போனது. "நான் இல்லத்தா."

"நீங்கதான கிழிச்சீங்க? பாத்தேனே."

"கைதான் கிழிச்சுச்சு. நான் சாமியக் கும்புட்டுக்கிட்டு நின்னேன்." முந்தானையைத் தாடையால் காட்டி, "அவன் வந்து இதுல உக்காந்துருக்கான். கருமாதி கழிஞ்சதுலருந்து. தட்டுல சோத்தப் போட்டா, சோத்தாங்கைய முந்திக்கிட்டு இது போகுது. அதான் நான் திங்கிறதில்ல."

"அவரு திங்கிறதுன்னா தின்னுட்டுப் போறாரு. அதுக்கு நீங்க பட்டினி கெடக்கணுமா?"

"இந்தக் கையில திங்கக் கூடாதுன்னு கட்டிப்போட்டவளே நான்தான? இப்ப அதே கையால எனக்கு ஊட்ட வாரான். எந்த மொகத்த வச்சுக்கிட்டு வாயத் தெறப்பேன்?"

அத்தையின் இடது புறங்கையில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு உண்டு. அடுப்பில் பட்டது என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். "சின்ன வயசுல உங்களுக்கும் இந்தக் கைதானா அத்த?" என்று கேட்டேன்.

"எனக்கென்னத்தா ஞாபகம்" என்று முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவள் என் கணவருக்குத் தங்கை. அண்ணன் மேல் உயிர். கேட்டவுடன் அழத் தொடங்கிவிட்டாள். "அண்ணன் அம்மாவக் கூட்டிட்டுப் போகத்தான் வந்துருக்கு மதினி. அதுக்குத் தனியா இருக்கத் தெரியாது." அகரத்துப் பக்கம் உடுக்கடித்துக் குறி சொல்லும் ஒரு கோடாங்கி இருக்கிறாராம். மணிக்கட்டில் அவர் கயிறு கட்டினால் இறங்கிவிடுமாம். நாளும் குறித்துவிட்டாள். அவள் குறித்த தேதி எது என்பது அவளுக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது, சொல்லவில்லை. அத்தை சாப்பிட்டு உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கையை விட்டு என் கணவர் போய்விடவும் கூடாது என்று நினைத்தேன். இரண்டையும் சேர்த்து யாரிடமும் சொல்ல முடியாது.

அன்று நான் விடுப்பு எடுத்துச் சமைத்தேன். கத்தரிக்காய் வெஞ்சனம், ரசம், அப்பளம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நாத்தனார் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அத்தை குளித்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எலை போடுத்தா" என்றார் என்னிடம்.

"வெறும் வயித்தோட வரச் சொல்லிருக்காரும்மா. வந்து சாப்ட்டுக்கலாம், எந்திரி" என்றாள் நாத்தனார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு நினைவு வந்ததை முகத்தில் கண்டேன்.

"அவன் நாளு. வருசா வருசம் பஸ் ஏறி ஒன் வீட்டுக்கு ஓடியாந்தேன். இன்னிக்கும் ஓடச் சொல்றியா?"

நான் இலை போட்டுப் பரிமாறினேன். அத்தை கண்ணை மூடித் திறந்தார். முந்தானைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றின் மேல் தூவியது. கத்தரிக்காயை விரல் நுனியால் இலையின் ஓரத்துக்குத் தள்ளியது. கத்தரிக்காய் இருந்தால் அத்தைக்கு வேறு எதுவும் வேண்டாம். கத்தரிக்காய் ஆகாதது என் கணவருக்குத்தான். ரசச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோனது. இத்தனை வயதில் முதல் தடவையாக அந்தக் கையால் சாப்பிடுகிறவர், ஒரு பருக்கை சிந்தவில்லை. அத்தை இலையைப் பார்க்கவே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு மென்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். யாரும் எழவில்லை.

நாத்தனார் நின்றுகொண்டே பார்த்தாள். பிறகு இலைக்கு எதிரே மெல்ல உட்கார்ந்தாள். ரசச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக் கரண்டியில் மொண்டாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"

"ஊத்து" என்றார் அத்தை.

இடது கை விரிந்து, போதும் என்பதுபோல் இலையின் மேல் கவிழ்ந்தது.

நாத்தனார் கரண்டியிலிருந்ததைச் சட்டிக்குள் திருப்பி ஊற்றினாள். "சரிண்ணே" என்றாள்.