வாயில் போடாத கடலை

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், ஆலங்குடியில் ஒரு கடலை மில்லில் நான் மேஸ்திரியாக இருந்தபோது நடந்தது இது. மிஷின் நிலக்கடலையை உடைத்துத் தள்ளும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பருப்பிலிருந்து சொத்தையும் கல்லும் பொறுக்குவார்கள். அவர்களை மேய்ப்பதுதான் என் வேலை. எனக்கோ கூச்ச சுபாவம். அதட்டத் தெரியாது. அதட்ட வேண்டியும் வந்ததில்லை.

அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. புது மூட்டை பிரித்ததும் ஆளுக்கொரு பருப்பை வாயில் போட்டு, எந்த ஊர்க் கடலை என்று பந்தயம் கட்டுவார்கள். "கீரனூருதான்." "இல்லடி, ஒன் மாமியா ஊரு. அதான் இந்தக் கசப்பு!" ஒரே சிரிப்பாக இருக்கும். கை மட்டும் நிற்காது. கடைசியில் மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரரைக் கேட்டுத் தீர்த்துக்கொள்வார்கள்.

புதிதாக வந்த மானேஜர் இதைப் பார்த்துவிட்டார். இனி ஒருத்தரும் வாயில் போடக் கூடாது, பேச்சும் கூடாது என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை. வெயில் படாமல் கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார், பத்து மணிக்கு டீயும் ஏற்பாடு செய்தார். நான் உத்தரவைச் சொன்னேன். "சரிங்கண்ணே" என்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம்தான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. பொறுக்கிய பருப்பில் சொத்தை கிடந்தது. திருச்சிக்குப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது. இன்னொரு தடவை திரும்பினால் வேறு மேஸ்திரியைப் பார்த்துக்கொள்வதாக மானேஜர் சொல்லிவிட்டார். இந்த வயதில் நான் எங்கே போய் வேலை கேட்பேன்? நிழல் இருக்கிறது, டீ இருக்கிறது, ஒருத்தரும் சும்மா இல்லை. பிறகு ஏன் இப்படி? வாயாடியான ஒருத்தியிடம், "ஒடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேண்ணே. கண்ணு பாக்குது, கை எடுக்க மாட்டேங்குது. எனக்கே வெளங்கல."

அடுத்த லோடு போகவேண்டிய அன்று முதலாளியே மானேஜரோடு வந்துவிட்டார். அவர் மூட்டையைத் துழாவியபடி, சாதாரணமாக ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டார்.

"மொதலாளி, துப்புங்க! மேஸ்திரியண்ணே வைவாரு!" என்றாள் அந்த வாயாடி.

என் உயிரே போய்விட்டது. முதலாளி விழித்தார். நான் திக்கித் திணறி உத்தரவைச் சொன்னேன். அவர் மென்றுகொண்டே யோசித்தார். "இது நார்த்தாமலைக் கடலைதானே?"

"போங்க மொதலாளி! ஆவுடையார்கோவிலு!"

"ரெண்டும் இல்ல, இங்கிட்டு விளைஞ்சதுதான்!" என்றாள் இன்னொருத்தி.

எல்லாக் கையும் மூட்டைக்குள் போனது. வண்டிக்காரரைக் கேட்டதில் முதலாளி தோற்றுப்போனார்.

"தோத்தவங்கதான் எல்லாருக்கும் தண்ணி கொண்டாரணும். எங்க சட்டம் அது" என்றாள் ஒருத்தி.

முதலாளி மானேஜரைப் பார்த்தார். மானேஜர் குடத்தை எடுத்தார். சிரிப்புச் சத்தத்தில் மிஷின் ஓடுவதே கேட்கவில்லை.

அன்று பொறுக்கியதில் ஒரு சொத்தைகூட என் கண்ணில் படவில்லை. அந்தச் சரக்கு திரும்பவில்லை, என் வேலையும் தப்பியது. "என்னய்யா செஞ்சே?" என்று மானேஜர் பிறகு தனியாகக் கேட்டார். நான் என்ன செய்தேன்? எனக்கே தெரியவில்லை. கூலி அதேதான், கடலையும் அதேதான்.

இன்றும் எங்காவது ஆட்கள் குனிந்த தலை நிமிராமல், சத்தமே இல்லாமல் வேலை செய்வதைப் பார்த்தால் மற்றவர்கள் மெச்சுகிறார்கள். எனக்கு மட்டும் திருச்சியிலிருந்து திரும்பி வந்த அந்தச் சரக்குதான் ஞாபகம் வருகிறது.