பதிலோடு மலை ஏறியவர்

இலங்கை மலையகத்து டிக்கோயாவில் அன்று காலை மறுபடியும் மின்சாரம் போய்விட்டது. இரத்த மாதிரிகள் வைத்திருக்கும் குளிர்பெட்டியை யாரும் திறந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தொலைபேசி அடித்தது. “சேர், சித்தி தவறிட்டாங்க” என்றாள் ராஜேஸ்வரியின் அக்கா மகள். பேசி வைத்த கையோடு, ஜெனரேட்டர் ஓடவில்லை என்று சொல்ல ராஜேஸ்வரியின் எண்ணைத்தான் தேடினேன். அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் வரும் பரம்பரை இரத்த நோய்களின் மரபணுக்களை இங்கேயே வாசிக்க வேண்டும் என்று, பழைய சாமான் அறை ஒன்றில் நாங்கள் தொடங்கிய சிறிய ஆய்வுகூடத்தின் தொழில்நுட்பவியலாளர் அவர். நான் பெயருக்குப் பொறுப்பாளன். அதற்கு முன் வெளியூர்க் குழுக்கள் எத்தனையோ தடவை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இரத்தம் எடுத்துப் போனார்கள். பதில் எதுவும் மலைக்குத் திரும்பவில்லை. அந்தக் கோபம் ராஜேஸ்வரிக்குக் கடைசிவரை ஆறவில்லை. “ரத்தம் குடுத்த வீட்டுக்கு மொத பதில் போவட்டும் சேர். கட்டுரைய அப்புறம் எழுதிக்கலாம்” என்பார்.

நாங்கள் பழக்கிய இருவரும் அடுத்தடுத்து வெளிநாடு போனார்கள். வரவழைத்த இரசாயனங்கள் வழியிலேயே வெயிலில் கிடந்து கெட்டன. எனக்கு வெறுத்துவிட்டது. அறையைப் பூட்டிவிடலாம் என்றேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, “பூட்டுங்க. சாவிய மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க” என்றார். மறுநாள் புதிதாக வந்த இருவருக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களும் போய்விடுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே தோட்டம், ஒரே பெயர், தகப்பன் பெயரும் ஒன்றே என்று இரண்டு குழாய்கள் வந்தன. ஒரே ஆளிடம் இருமுறை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றைக் கொட்டிவிட்டேன். லயத்தில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன அக்காவின் பெயரிலேயே தங்கை தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிப்பது நம் பக்கத்தில் புதிதா? அன்று திருவிழாவுக்கு வந்திருந்த அக்காவும் இரத்தம் கொடுத்திருந்தாள். மிஞ்சிய குழாய் அக்காவுடையது, நோயுள்ள பிள்ளையின் தாயான தங்கையுடையது அல்ல என்று கண்டுபிடித்தவர் ராஜேஸ்வரி.

அந்தத் தங்கை பவானியின் மகள் மாதாமாதம் இரத்தம் ஏற்றித்தான் நடமாடுகிறாள். என்ன நோய் என்று சாதாரணப் பரிசோதனைகளில் பிடிபடவில்லை. இன்னொரு பிள்ளை பெறலாமா என்பதுதான் பவானியின் கேள்வி. தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்த அவள் லயத்துக்கு நாங்கள் இருவரும் ஏறிப் போனோம். “எங்க தப்புதாம்மா. இன்னொருக்கா கொஞ்சம் குடுங்க” என்றார் ராஜேஸ்வரி. என் தப்பு என்று காட்டிக்கொடுக்கவில்லை.

பவானி கையை நீட்டவில்லை. “எத்தன தடவதான் மிஸ் குடுக்கிறது? என்னா கண்டோம்?”

“இந்தத் தடவ நானே வந்து பதில் சொல்றேன். தெரியலன்னாலும், தெரியலன்னு வந்து சொல்றேன்.”

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் இரத்தம் கொடுத்தாள். இறங்கும்போது ராஜேஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. குளிர் என்றார். இருதயம் என்று பிறகுதான் தெரிந்தது.

ராஜேஸ்வரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், பவானியின் இரத்தத்தை எங்கள் சொந்தக் கருவி வாசித்த முடிவு வந்தது. மரபணுவில் நாங்கள் தேடிய இடங்களில் காரணம் எதுவும் இல்லை. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஆனாலும் ஏறினேன்.

“மிஸ் வரலியா சேர்?” என்று கேட்டாள் பவானி. சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முடிவையும் சொன்னேன்.

“தெரியலன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீங்க?”

“மிஸ் சொல்லியிருந்தாங்களே, வந்து சொல்றேன்னு.”

ராஜேஸ்வரியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த ஏற்றம்தான். நல்ல பதில் இல்லாத நாளிலும் ஏறிப் போய்ச் சொல்ல வேண்டும். ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். முழங்கால் வலிக்கிறது. அவர் இல்லாத அறைக்குத் திரும்பவும் மனமில்லை.

புறப்பட எழுந்தபோது பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினாள்.

“வந்ததுதான் வந்தீங்க. இன்னொருக்கா எடுத்துக்கிட்டுப் போங்க சேர்.”