பேட் பிடித்தவன் விழுந்த கதை

கராத்தே வாத்தியார் தொழிலில் அடி கொடுப்பதைவிட வாங்குவதுதான் அதிகம். குத்து தரையிலிருந்து கிளம்பி, இடுப்பில் திரும்பி, கைக்கு வருகிறது என்று புக்கிட் ரோத்தான் ஊர் மண்டபத்தில் பதினான்கு வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். மாணவர் குத்துவதற்கான பஞ்சுத் திண்டை, அதாவது பேட்டை, பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிய சக வாத்தியார்களே, சொல்லிக்கொடுப்பவனே அதைப் பாதிதான் நம்பியிருந்தான் என்றால் என்ன செய்வீர்கள்?

லோரி மோகன்

எங்கள் வகுப்பிலேயே பெரிய உடம்பு மோகனுக்கு. எண்ணெய் பிழியும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. முதல் நாள் பேட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "முழு பலத்தோட குத்துங்க" என்றேன். கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு தோளை மட்டும் வீசினார். நான் அசையவில்லை. அவர்தான் இரண்டடி பின்னால் போய்த் தண்ணீர்ப் போத்தல்கள் மேல் உட்கார்ந்தார்.

மனிதருக்கு முகமே வெளுத்துவிட்டது. யாராவது இழுத்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், நான் குத்தல லா, இந்த பேட்தான் என்னைய குத்துது!"

லெட்சுமி அக்கா

அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில், வெட்டிப்போட்ட செம்பனைக் குலைகளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி ரோட்டோரம் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. மரங்களுக்கு நடுவே வாய்க்கால். அதன் குறுக்கே ஒரு சாண் அகலப் பலகை. மழை பெய்தால் பாசி வேறு. பாரவண்டியோடு அதன் மேல்தான் போக வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வகுப்புக்கு வந்த முதல் நாள், ஒல்லியான பெண்மணி ஆயிற்றே என்று பேட்டை ஒரு கையால் அலட்சியமாகப் பிடித்தேன். அக்கா ஒரு காலுக்கு நேர் பின்னால் மறு காலை வைத்து, குதிகாலை அழுத்தி, இடுப்பைக் கொஞ்சம் இறக்கினார். அவ்வளவுதான் பார்த்தேன். அடுத்த நொடி மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். மூச்சே வரவில்லை. பதினான்கு வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சாய்த்ததில்லை. அக்கா பதறிப்போய்க் குனிந்து கேட்டார்: "ஐயோ மாஸ்டர், நான் இன்னும் சரியா தள்ளவே இல்லையே?"

சாக்பீஸ் கோடு

அக்கா பொழுதுபோக்குக்காக வரவில்லை. தள்ளுவண்டி அவர் இடுப்பை முறித்துக்கொண்டிருந்தது. கோலா சிலாங்கூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெண் காவலாளி தேடினார்கள். பெல்ட் சான்றிதழ் கொண்டுவந்தால் வேலை அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். சோதனைக்கு நான்கு மாதம் இருந்தது.

மல்லாந்து கிடந்தவன் எழுந்து என்ன செய்தேன் தெரியுமா? அக்கா நிற்கும் விதத்தைத் திருத்தினேன்! எங்கள் பாடத்தில் காலைத் தோள் அகலத்துக்கு விரிக்க வேண்டும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நான்கு மாதமும் அதில் நிற்க வைத்தேன். குத்து நாளுக்கு நாள் தேய்ந்தது. பழக்கம் போதவில்லை என்று நினைத்தேன், மடையன். மோகன் ஒருநாள் பேட் பிடித்துவிட்டு அதிர்ந்துபோய்ச் சொன்னார்: "மாஸ்டர், அக்கா இப்ப என்னைய மாதிரியே குத்துறாங்க!"

மூன்று குத்து

கிள்ளானிலிருந்து வந்த தேர்வாளர் பேட்டைத் தானே பிடித்தார். மூன்று குத்து, ஒன்றிலாவது அவர் ஓரடி பின்னால் போனால்தான் தேர்ச்சி. என் கோட்டுப் பாடப்படி அக்கா இரண்டு குத்தினார். தேர்வாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். அந்த வேலையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சோதனை நடக்கும்போது வாத்தியார் வாய் திறக்கக்கூடாது. திறந்தேன். "அக்கா, நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் தப்பு! வாய்க்கா பலகையில நில்லுங்க!" மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்காவின் கால்கள் ஒரே நேராக வந்தன. குதிகால் பதிந்தது.

தேர்வாளர் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளோடு சுவரோரம் போய் விழுந்தார். எழுந்தவர் உடையைக்கூடத் தட்டவில்லை. தேர்வுத் தாளை வாங்கித் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "யாரும்மா இப்படி நிக்கச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். என் தப்பை நானே கத்தியதை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். அக்கா என்னைக் காட்டிச் சொன்னார்: "எங்க மாஸ்டர்தான் சார்."

அந்தக் குத்தில் விழுந்தது இரண்டு பேர், தேர்வாளர் எழுந்துவிட்டார்.