கன்னத்து வேலும் வயிற்று ஊசியும்

என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு பால்குடத்தோடு பத்துமலை ஏறுவார். முகம்கூடச் சுளிக்காது. ஆனால் இனிப்பு நீருக்கு டாக்டர் கொடுத்த இன்சுலின் ஊசியைக் கண்டால் மட்டும் ஆள் நடுங்கிவிடுவார்.

"விரதத்துல ஊசி வேணாம்லா. பூசம் முடியட்டும்" என்பார். நல்ல சாக்கு. போன வருடம் அந்த விரதத்தின்போதுதான் மேல் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, பிடுங்க வேண்டியதாயிற்று.

பூசம் முடிந்தும் பல் பிடுங்கிய குழி ஆறவில்லை. அந்தப் பக்கத்துக் கன்னம் மரத்துப்போய் வீங்கியது. வேல் குத்திய கன்னம்தானே என்று திருநீற்றை அப்பிக்கொண்டார். சாமி பார்த்துக்கொள்ளும் என்றார்கள் அக்கம்பக்கத்தில். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"சாமி மெதுவா பாக்கட்டும். நீங்க வண்டியில ஏறுங்க" என்று பண்டமாரானில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

அந்தச் சீனப் பெண் டாக்டர், அண்ணத்தில் கறுத்திருந்த இடத்தைக் கருவியால் குத்திப் பார்த்தார். வலிக்கவே இல்லை என்று இவர் பெருமையாகச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. விரலில் சர்க்கரை பார்த்தார். பூஞ்சைத் தொற்று மாதிரி இருக்கிறது, பல் குழியிலிருந்து கண்ணுக்கு ஏறிவிடும், வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மலாயில் சொன்னார். அவரே போன் போட்டு அங்கே சொல்லியும் வைத்தார்.

ஆஸ்பத்திரியில், கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். இவரையும் சாமியையும் திட்டித் தீர்த்த என் வாயால் அன்று முருகா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. கடைசியில் ஒரு பக்க மேல்தாடை போனது. கண் தப்பியது. வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு நான் முதலில் போய் நின்றது அந்தப் பல் டாக்டரிடம்தான். என் தாலி நிலைத்தது அவரால்.

இப்போது அண்ணத்தில் தகடு மாட்டினால்தான் இவர் பேசுவது புரியும். இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் மட்டும் எடுத்தார். கூட வந்த ஒரு லோரிக்காரர், "வேல் எங்கண்ணே?" என்று கேட்டார்.

"காலையிலயே இவ என் வயித்துல ஊசி போட்டுட்டா. அது போதும்லா" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார், இரண்டு கண்ணாலும்.