சிவா அண்ணை கேட்ட ஆள்மாற்றம்

நேற்றும் எங்கள் ரொறன்ரோ கூடைப்பந்து அணி தோற்றது. அதற்கான விசாரணை இன்று காலை மல்வேர்ன் பக்கம் போகும் பஸ்ஸில் நடந்தது.

"எல்லாம் சின்னப் பெடியள். மூண்டு வருசம் விட்டால் முன்னுக்கு வருவாங்கள்," என்றேன்.

பக்கத்தில் இருந்த சிவா அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "மூண்டு வருசமோ? உவங்களைக் குடுத்துப்போட்டு ஒரு பெரிய ஆட்டக்காரனைக் கொண்டு வரவேணும். பொறுமை, பொறுமை எண்டே எல்லாம் நாசமாப் போச்சு!"

பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிட அவர் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்குக் குடிவரவுத் திணைக்களம் அனுப்பிய பதில்.

"தம்பி, உமக்கு இங்கிலீஸ் வடிவாத் தெரியும். என்ன எழுதியிருக்கினம்?"

இரண்டு தரம் வாசித்தேன். வேறு விதமாகச் சொல்ல வழியில்லை.

"பொறுமையா இருக்கட்டாம், அண்ணை."

கடிதத்தை மடித்துச் சோற்றுப் பெட்டிக்கு மேல் வைத்தார்.

"அப்ப எங்கடை அணியில இருக்கிற அந்த நெட்டையனையெண்டாலும் இந்தக் கிழமையே மாத்தட்டும்."

"ஓம் அண்ணை, மாத்தத்தான் வேணும்."

அணியில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அந்த நெட்டையன்தான். இந்த மின்னஞ்சல் குழுவில் இருப்பவர்களே, நீங்களென்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?