பெருமாயிக்கு ஆகாத சத்தம்

பள்ளிபாளையத்தில் தறி நெய்த அர்த்தநாரிக்குப் பெருமாயி வாழ்க்கைப்பட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம். தெருவில் இருபது தறி ஒன்றாய் அடித்தாலும் அவள் பாட்டுக்குத் தூங்குவாள். அவளுக்கு ஆகாதது, புருஷன் கஞ்சி உறிஞ்சும் சத்தம். காதில் விழுந்ததும் நெஞ்சு படபடக்கும், பிடரி வேர்க்கும், கையில் இருப்பதைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வரும். சிறுவயதில் அப்பன் வெற்றிலை மெல்லும்போதும் இப்படித்தான். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று அவளாகவே நம்பியிருந்தாள்.

அர்த்தநாரி கடிந்து ஒரு வார்த்தை பேசாதவன். அவன்மேல் கோபம் வருகிறதே என்று அவளுக்கே வெட்கம். கஞ்சி வட்டிலை அவன் முன்னால் வைத்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவாள். அதற்காகவே நிறைந்த குடத்தைக் கவிழ்த்த நாளும் உண்டு. "புருசன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல போல" என்று பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் தெருவெல்லாம் சொன்னாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷ ஐப்பசியில் ஒருநாள், விடாத மழை. வெளியே போக வழியில்லை. அவன் உறிஞ்சிக் குடித்தான். கூடவே முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பெருமாயி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள், கண்ணை மூடினாள். முடியவில்லை. அவன் முழங்காலில் பளாரென்று ஓர் அடி வைத்துவிட்டாள்.

அடித்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையினூடே எல்லாவற்றையும் சொன்னாள். "என்னய எங்கூட்டுக்கே அனுப்பிச்சுருங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

அர்த்தநாரி வட்டிலைக் கீழே வைத்தான். "இவ்வளவுதானா புள்ள? என்னயவே உனக்குப் புடிக்கலையோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மறுநாள் நூல் சுற்றும் ராட்டையை அவனே அடுப்படிக்கு நகர்த்தினான். அவன் உண்ணும்போது அவள் ராட்டை சுற்றினாள். உறிஞ்சும் சத்தம் அதில் அமுங்கிப்போனது. ஆடும் காலை மடக்கி அதன்மேலேயே உட்காரவும் பழகினான். பாதி நாள் மறந்துவிடுவான். ராட்டை வேகமெடுத்தால் புரிந்துகொள்வான்.

தை மாதம் சொந்தக்காரர் கல்யாணம். பெண்கள் பந்தியில், சுற்றிலும் ரசம் உறிஞ்சும் சத்தத்துக்கு நடுவே, பெருமாயி வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பதை அர்த்தநாரி எட்ட இருந்து பார்த்தான். பாதி இலையில் எழுந்தான். பெரியவர்கள் முறைத்ததைக் கண்டுகொள்ளாமல், "வா, போலாம்" என்றான்.

வழியில் பொரி வாங்கினான். "நீ முன்னால போ. நா பின்னால தின்னுக்கிட்டு வாரேன்."

அவள் பத்தடி முன்னால் நடந்தாள். ஆற்றுப் பாதை திரும்பும் இடத்தில் நின்று, முந்தானையை விரித்து, தனக்கும் கொஞ்சம் கேட்டாள்.