விழுந்தார் என்று எழுதினேன்

என் அக்காள் கணவரைப் பிடித்துக்கொண்டு போனது காலைப் பெரட்டில், பேர் கூப்பிட வரிசையாக நின்ற எல்லோர் கண்ணெதிரிலும். எழுபதுகளின் பிற்பகுதி. ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்தை விற்கப் போகிறார்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. மாற்று வீடு கிடைக்காமல் யாரும் நகர வேண்டாம் என்று மச்சான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். அவர் செய்தது அவ்வளவுதான். சாதாரண உடுப்பில் காரில் வந்த ஆட்கள் அவரை நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள்.

நான் அப்போது ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் லயத்திலிருந்து மேசை நாற்காலி வேலைக்குப் போன முதல் பெண் நான். என்னைப் படிக்க வைத்தது அக்காவும் மச்சானும்.

ஏறக்குறைய இரண்டு மாதம் அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்த கையோடு, பால் வாடை போகாத சட்டையுடன் பஸ் ஏறி வருவாள். போலீஸ் நிலையத்து மேசை முன்னால் நிற்பாள். இங்கே இல்லை என்பார்கள். அப்படியானால் எங்கே என்று கேட்பாள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் பேப்பரைப் புரட்டத் தொடங்கிவிடுவார்.

ஒரு மத்தியானம் அவரைச் செமோர் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. ஒரு காது கேட்கவில்லை. வெளியே பேசக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அக்கா தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். குளிர் அறையில் நிற்க வைத்தது, கைகளைப் பின்னால் கட்டித் தூக்கியது. யார் சொல்லி இதைச் செய்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை என்ற பதில் அவர்களுக்குப் போதவில்லை.

"நாம என்னா பெருசா கேக்குறோம்? செஞ்சத செஞ்சோம்னு ஒத்துக்கட்டும்லா. நீ மலாய்ல எழுது, நான் கொண்டு போய்க் குடுக்குறேன்" என்றாள் அக்கா.

அவள் சொல்லச் சொல்லத் தமிழில் குறித்துக்கொண்டேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகம் காலியாக இருந்தபோது, டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் மேலதிகாரி, செமோரில் பிடிபட்டவர் உனக்கு உறவா என்று போகிற போக்கில் கேட்டிருந்தார். தூரத்து உறவு என்று சொல்லியிருந்தேன்.

அடித்தார்கள் என்று வர வேண்டிய இடத்தில், காவலில் இருந்தபோது கீழே விழுந்து தோளில் காயம்பட்டது என்று டைப் செய்தேன். கட்டித் தூக்கியதை விட்டுவிட்டேன். கோபம் வராதபடி எழுதினால்தான் வாங்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது. மற்றதெல்லாம் பயம்.

மச்சானுக்கு மலாய் படிக்கத் தெரியாது. இடது கையால் தடுமாறிக் கையெழுத்துப் போட்டார்.

"எல்லாத்தையும் எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன் மச்சான்."

அக்கா வாயால் சொன்னபோதெல்லாம் விரட்டியவர்கள், இந்தக் கடிதத்தை முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அன்று அவள் என் அறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "பாத்தியா, வாங்கிட்டாங்க லா! எழுத்துல குடுத்தா வேற மாதிரிதான்" என்று என் கன்னத்தைப் பிடித்தாள். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. இருவரும் அதை என்னிடமே கொண்டுவந்தார்கள். புகார்தாரர் தாமே விழுந்ததாகக் கூறியிருப்பதால் விசாரிக்க ஒன்றும் இல்லை என்று இருந்தது. வேறு ஏதாவது படித்துக் காட்டியிருக்கலாம். முடியவில்லை.

"விழுந்தாருன்னு யாரு சொன்னா?" என்றாள் அக்கா.

"நான்தான்க்கா எழுதினேன்."

அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். மச்சான்தான் பேசினார். "சின்னப் புள்ள, பயந்திருக்கும். விடு."

"அவங்க அடிச்சாங்க, இல்லன்னாங்க. அது அவங்க புத்தி. இவ நம்ம வீட்டுப் புள்ள" என்றாள் அக்கா.

ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் நடந்ததை நடந்தபடி மறுபடி எழுதி அனுப்பினார். முதல் புகாரில் அவரே கையெழுத்திட்டிருக்கிறார், இரண்டும் முரண்படுகின்றன, கோப்பு மூடப்பட்டது என்று பதில் வந்தது. கடிதத்தை மாற்றியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தால் உதவும் என்றார் வழக்கறிஞர். வேலை போனாலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வருடக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது.

தோட்டம் விற்கப்பட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் பயந்து ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். அக்காவும் மச்சானும் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பலகை வீட்டுக்குப் போனார்கள். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், "உக்காந்துக்கிட்டே செய்ற வேலதான், வாங்க" என்று மச்சானைக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கும் வேலை கொடுத்தார். மச்சான் கத்தியை இடது கையில் பிடிக்கப் பழகிக்கொண்டார். எண்பதுகளின் நடுவில் மார்ச்சளி கண்டு இறந்துபோனார். அவரைக் கட்டித் தூக்கியவர்களை யாரும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவர் காரியம் முடிந்த வாரம் நான் வழக்கறிஞரிடம் போய் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை அனுப்பி வைத்தார். கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை. அக்காவிடம் சொன்னேன். "இப்பவா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் என்னை ஒதுக்கவில்லை. தீபாவளிக்கு வருவாள், என் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிடுவாள், சமையலில் உப்பு கூடினால் திட்டுவாள். ஆனால் மலாய்க் கடிதம் எது வந்தாலும், தண்ணீர் பில்லாக இருந்தாலும், அந்தக் கடைக்கார அண்ணன் மகளிடம்தான் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்கிறாள்.